உறைந்த வான்கோழியின் மேல் ‘ஃப்ரெஷ்’ ஸ்டிக்கர்: தேங்க்ஸ்கிவிங் ஆர்டர் குறித்த புகார்

எடிசன், நியூ ஜெர்சி
நவம்பர் 30, 2025

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மளிகை ஆப்பில் குறைகளைத் தமிழிலும் எழுதலாம் என்று போட்டிருக்கிறீர்கள். மனதில் இருப்பதைத் தமிழில்தான் எனக்கு முழுதாகச் சொல்ல வரும் என்பதால் அப்படியே எழுதுகிறேன். ஆர்டர் எண் மின்னஞ்சலின் தலைப்பில் இருக்கிறது. மூன்று புகைப்படங்களும் ரசீதும் இணைத்திருக்கிறேன்.

நவம்பர் 8, சனிக்கிழமை, உங்களிடம் 14 பவுண்ட் ஃப்ரெஷ் ஹலால் வான்கோழி ஒன்று ஆர்டர் செய்தேன். 25-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை கொண்டுவந்து தர வேண்டும் என்று நாளையும் நானே தேர்ந்தெடுத்தேன். அதற்குக் காரணம் இருந்தது. உறைய வைக்காத பறவையைச் சமைப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்புதான் வாங்க வேண்டும், அதற்கு மேல் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. வீட்டில் எல்லாரும் கூடி வான்கோழி சாப்பிடும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை 27, வியாழக்கிழமை. செவ்வாய் இரவே தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சோம்பு, கொஞ்சம் கறிவேப்பிலை அரைத்துத் தோலுக்கு அடியில் கையை விட்டுப் பூசி வைத்தால் வியாழன் காலைக்குள் மசாலா கறியில் நன்றாக ஊறிவிடும். ஆறு வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எதுவும் வரவில்லை. ‘தாமதம்’ என்று ஆப்பில் ஒரு வரி மட்டும் இருந்தது. புதன்கிழமை இரவு 7.20-க்குப் பெட்டி வந்தது. மழையில் இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன பையன் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரை எதுவும் கேட்காதீர்கள்.

பெட்டிக்குள் இருந்தது 21 பவுண்ட் வான்கோழி. கல் மாதிரி உறைந்திருந்தது. விரலால் தட்டினால் ‘டங்’ என்று சத்தம் வந்தது. பையின் மேல் உங்கள் நிறுவனத்தின் பச்சை ஸ்டிக்கர், அதில் ‘ஃப்ரெஷ்’ என்று எழுதியிருந்தது. ஓரம் பிரிந்திருந்ததால் அதை மெல்ல உரித்துப் பார்த்தேன். அடியில், பறவையை வெட்டிப் பையிட்ட ஆலையே அச்சடித்திருந்த ‘ஃப்ரோஸன்’ என்ற எழுத்து இருந்தது. முதல் இரண்டு படங்களும் அதுதான். ஸ்டிக்கரோடு ஒன்று, உரித்த பிறகு ஒன்று.

பறவை மாறிப்போயிருந்தால் அதைத் தவறு என்று விட்டுவிடலாம். பண்டிகைக்கு முந்தின வாரம் கிடங்கில் எவ்வளவு நெருக்கடி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏற்கனவே இருந்த எழுத்தை மறைத்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்றால் அதை ஒரு கை செய்திருக்கிறது. இந்த நாட்டில் கோழிக்கும் வான்கோழிக்கும் ‘ஃப்ரெஷ்’ என்று போடுவது விற்பவர் விருப்பம் இல்லை. 26 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஒருமுறைகூடப் போகாத பறவைக்குத்தான் அந்தச் சொல் என்று வேளாண்துறை விதி வைத்திருக்கிறது. இறைச்சி விற்கும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கான முக்கியமான காரணத்துக்கு வருகிறேன்.

இரவு 7.30-க்கு உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். இருபத்தைந்து நிமிடம் காத்திருந்த பிறகு ஒரு தம்பி பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். நிலைமையைச் சொன்னேன். மாற்றிக் கொடுக்க ஆள் இல்லை என்றார், சரி. நாளைக் காலைக்குள் இதை எப்படிச் சமைக்கும் நிலைக்குக் கொண்டுவருவது என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அக்கா, ராத்திரி முழுக்க கிச்சன் கவுன்ட்டர்லயே வெச்சிருங்க, காலைல சாஃப்ட் ஆயிடும். அவசரம்னா பாத்டப்ல சுடுதண்ணி பிடிச்சுப் போட்டுருங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.” அது சரியா என்று இரண்டாவது முறையும் கேட்டேன். தன் முன்னால் இருக்கும் திரையில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார்.

திரையில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பதில் ஆபத்தானது, அதை உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 21 பவுண்ட் பறவையைச் சமையல் மேடையில் வைத்தால், நடுவில் பனிக்கட்டியாக இருக்கும்போதே மேல்பகுதி அறையின் சூட்டுக்கு வந்துவிடும். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் இடையில் கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகக்கூடப் பெருகும். சமைக்காத இறைச்சி அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. அந்தத் தம்பி சொன்னபடி செய்திருந்தால் எங்கள் வீட்டுப் பறவை பத்து மணி நேரத்துக்கு மேல் கிடந்திருக்கும். அப்புறம் அதை எவ்வளவு வேகவைத்தாலும் சில கிருமிகள் விட்டுவைத்த நஞ்சு போகாது.

அன்று எங்கள் வீட்டில் சாப்பிட வந்தவர்கள் யார் யார் என்று சொல்கிறேன். என் அத்தைக்கு எழுபத்து நான்கு வயது, சர்க்கரை நோய் இருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த என் தம்பியின் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. அவர்களுடைய மூத்த குழந்தைக்கு இரண்டு வயது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பத்தொன்று. இவர்களில் ஒருவருக்கு சால்மொனெல்லா என்ற கிருமித் தொற்று வந்தாலும் அது வெறும் வயிற்றுப்போக்கோடு முடிகிற விஷயம் இல்லை. எனக்கு இந்த விவரங்கள் தெரிந்திருந்ததால் தப்பித்தோம். இந்த வருடம்தான் முதல்முறையாக வான்கோழி சமைக்கிற பெண் ஒருத்தி அதே எண்ணை அழைத்திருப்பாள், அவளுக்கும் இதே பதில்தான் போயிருக்கும். கல்யாணமாகி இங்கே வந்து, அம்மா பக்கத்தில் இல்லாமல், யூடியூப் பார்த்துச் சமைக்கிறவர்கள் உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

அன்றிரவு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், உங்கள் ஆட்களுக்கு உதவும். என் கணவர் காரை எடுத்துக்கொண்டு இரண்டு கடைகளுக்குப் போனார். ஒன்றில் வான்கோழியே இல்லை, இன்னொன்றில் உறைந்தது மட்டும்தான் இருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்து இளக்குவதற்கு நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் வேண்டும். 21 பவுண்டுக்கு நான்கைந்து நாட்கள் ஆகும், அதனால் அந்த வழி இல்லை. மிச்சம் இருந்தது குளிர்ந்த நீர் முறை. பறவையை நீர் புகாத பையில் கட்டி, முழுதும் மூழ்கும்படி பச்சைத் தண்ணீரில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். ஒரு பவுண்டுக்கு அரை மணி நேரம் என்று கணக்கு. பிக்னிக்குக்கு எடுத்துப்போகும் ஐஸ் பெட்டியை கராஜிலிருந்து கொண்டுவந்து, 8.30-க்கு ஆரம்பித்துக் காலை 7 மணி வரை இருபது தடவைக்கு மேல் தண்ணீர் மாற்றினோம். நள்ளிரவு வரை நான், மூன்று மணி வரை என் கணவர். அப்புறம் அத்தை எழுந்து வந்து, நீங்கள் போய்ப் படுங்கள், எனக்கு எப்படியும் தூக்கம் வராது என்று சொல்லி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் நிறைந்த பெட்டியை அவரால் சாய்க்க முடியாது. பாத்திரத்தால் மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறார். காலையில் அவர் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

ஏழு மணிக்கும் வயிற்றுப் பகுதிக்குள் பனி இருந்தது. உள்ளே வைத்திருந்த ஈரல், கழுத்துப் பொட்டலம் அசையவில்லை. என் ரோஸ்டிங் தட்டு 14 பவுண்டுக்கு வாங்கியது, இந்தப் பறவை அதில் உட்காரவே இல்லை. முழுதாக வைத்தால் 325 டிகிரியில் நாலரை, ஐந்து மணி நேரம் பிடிக்கும். வீட்டில் இருப்பது ஒரே ஓவன். அதில் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பீன்ஸ் கேஸரோலும் ஏற வேண்டும். “பிரியாணிக்கு வெட்டுற மாதிரி வெட்டிரலாம்மா, ஊர்ல வான்கோழியை யார் முழுசா வெச்சாங்க” என்று அத்தைதான் சொன்னார். அவர் மதுரைப் பக்கம். கையில் கத்தி எடுத்தால் மூட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தானாகத் தெரியும். கால், தொடை, இறக்கை, நெஞ்சு இரண்டு துண்டு என்று பிரித்து, அரைத்து வைத்த மசாலாவை மேலே தடவி, ஒன்பது மணிக்கு இரண்டு தட்டுகளில் வைத்தோம். முதுகெலும்பில் வெங்காயம், செலரி போட்டுக் கொதிக்கவிட்டுக் கிரேவிக்குச் சாறு எடுத்தோம். நெஞ்சிலும் தொடையிலும் வெப்பமானி 165 டிகிரி காட்டிய பிறகே வெளியே எடுத்தேன். ஒரு மணிக்குச் சாப்பிட வேண்டியது, இரண்டரை ஆனது. மசாலா தோலோடு நின்றுவிட்டது, உள்ளே வெறும் கறிதான்.

சாப்பாடு நன்றாக இல்லை என்று எழுத மாட்டேன். எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். கிரான்பெர்ரித் தொக்கு காலியாகிவிட்டது. நியூ ஜெர்சியின் பைன் காட்டுப் பக்கமே கிரான்பெர்ரி விளைகிற ஊர் என்பதால் ஒவ்வொரு வருடமும் சர்க்கரை சாஸோடு நல்லெண்ணெய், வெந்தயம், பெருங்காயம் போட்டு ஒரு தொக்கும் கிளறுவேன். நான் கேட்ட மூன்று பாக்கெட் கிரான்பெர்ரியில் இரண்டுதான் வந்தது, அதைத் தனியாகப் பெரிதுபடுத்தவில்லை.

ஆனால் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா என்று எழுதினேனே, 2009-இல் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் நவம்பரில், நான்கு நாள் விடுமுறைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் இருந்தபோது கதவைத் தட்டி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டவர் அவர். தட்டில் வடிந்த கொழுப்பில் மாவு வறுத்துக் கட்டியில்லாமல் கிரேவி செய்வது எப்படி என்று என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். பத்து வருடம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டோம். முடியாமல் போனதும் 2019-இலிருந்து எங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொண்டோம். வெந்த வான்கோழியை மேசையில் வைத்து அறுத்துப் பரிமாறுவது மட்டும் எப்போதும் அவருடைய கணவர் வேலை. அவர் இந்த மார்ச் மாதம் காலமாகிவிட்டார். இந்த வருடம் அந்த அம்மா பூசணிக்காய் ‘பை’ என்ற இனிப்புப் பண்டத்தோடு, கணவருடைய கத்தியையும் மரப்பெட்டியில் வைத்து எடுத்து வந்திருந்தார். இனி நீங்கள்தான் அறுக்க வேண்டும் என்று சொல்லி என் கணவரிடம் கொடுத்தார். அறுப்பதற்கு மேசையில் முழுப் பறவை இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி, அடுத்த வருடம் என்று சொன்னார்.

இதற்கு நீங்கள் விலை போட முடியாது, நானும் கேட்கவில்லை. கேட்பவை இவை.

பணம். எனக்கு ஃப்ரெஷ் விலையில், பவுண்ட் 3 டாலர் 49 சென்ட் வீதம், 21 பவுண்டுக்கு 73 டாலர் 29 சென்ட் பிடித்திருக்கிறீர்கள். நாங்கள் அதைச் சாப்பிட்டோம், அதனால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள் என்று கேட்பது நியாயம் இல்லை. உங்கள் ஆப்பில் அன்று உறைந்த வான்கோழி பவுண்ட் 1 டாலர் 79 சென்ட். நான் கேட்டது 14 பவுண்ட், அதற்கு 25 டாலர் 6 சென்ட். மீதி 48 டாலர் 23 சென்டை என் கார்டுக்கே திருப்பிப் போடுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பிய பத்து டாலர் கூப்பனை நான் பயன்படுத்தவில்லை, ரத்து செய்துவிடலாம்.

அந்த ஸ்டிக்கரை யார், எந்தக் கிடங்கில், எத்தனை பைகளில் ஒட்டினார்கள் என்று விசாரித்து எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள். என்னுடையது ஒன்றில் மட்டும் நடந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

எல்லாவற்றையும்விட அவசரமானது உங்கள் உதவி எண் ஆட்கள் பார்க்கிற அந்தத் திரை. கவுன்ட்டர், சுடுதண்ணீர் என்று அதில் இருப்பதை இன்றே எடுத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் கணக்கையும் குளிர்ந்த நீர்க் கணக்கையும், அப்படி இளக்கியதை உடனே சமைக்க வேண்டும் என்பதையும் போடுங்கள். அவர்களில் பலர் தமிழில் பேசுகிறவர்கள் என்பதால் தமிழிலேயே எழுதிவையுங்கள். வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். என்னிடம் பேசிய தம்பியைத் தண்டிக்க வேண்டாம், அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நான்கு வாரம்கூட இல்லை, அப்போதும் பலர் உங்களிடம் வான்கோழி வாங்குவார்கள்.

டிசம்பர் 5, வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இந்தக் கடிதத்தையும் படங்களையும் வேளாண்துறைக்கு அனுப்புவேன். உரித்த ஸ்டிக்கரும் பையும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்களிடம் நான்கு வருடமாக மளிகை வாங்கும் வாடிக்கையாளர்

இணைப்பு: புகைப்படங்கள் 3, ரசீது 1