மூக்கில் பதிந்த இரண்டு தடங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கிணற்றடி வேப்பமரத்தைக் கழித்துவிட்டோம். மேலத்தெரு சித்தப்பா பேரனுக்கு வைகாசியில் காதுகுத்து வைத்திருக்கிறார்கள், பத்திரிகை வந்ததும் அனுப்புகிறேன். போனில் பேசினால் ஆகாதா என்று உன் அம்மா கேட்டாள். போனில் நீ "எல்லாம் நல்லபடியாக இருக்கிறதப்பா" என்று முடித்துவிடுகிறாய். நானும் "சரிம்மா" என்று வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ அனுப்பிய படத்தில், பாவாடை சட்டையில் குட்டி அப்படியே சின்ன வயதில் உன்னைப் பார்த்தது போல இருந்தாள். உன் அம்மா தெருவில் ஒருவர் விடாமல் காட்டினாள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் நெல்மணி அளவில் சிவந்த தடங்கள் இருந்தன. கண்ணாடி அழுந்திய இடம். படம் எடுக்கச் சற்று முன்னால்தான் கழற்றியிருக்கிறீர்கள். தீபாவளிப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் கண்ணாடி இல்லை. ஆவணியில் வாங்கியது அல்லவா?

யார் கழற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. சம்பந்தியம்மாள் ஏதாவது சொன்னார்களா என்றும் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உனக்குத் தெரியும். அலுவலகத்திலும் வீட்டிலும் நீ படும் பாடு எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒன்று சொல்கிறேன். காலையில் கண் விழித்ததும் கண்ணாடி, ராத்திரி படுக்கும்போதுதான் கழற்ற வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும், படிக்கும்போது மட்டும் என்று வைத்துக்கொண்டால் பழக்கம் வராது. பல் தேய்ப்பது மாதிரி அது நாளின் முதல் வேலையாகிவிட வேண்டும்.

தை கடைசியில் புரை எடுத்த கண்ணைக் காட்ட மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். என் வேலை முடிந்த பிறகு குழந்தைகள் பிரிவுப் பக்கம் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உசிலம்பட்டியிலிருந்து ஒரு பெண், மூன்று வயதுப் பையனோடு வந்திருந்தாள். காதுக்குப் பின்னால் இழுவைப் பட்டை கட்டிய கண்ணாடி, அதற்குள்ளே ஒரு கண்ணை மூடி ஒட்டுப்பட்டை. அவன் தரையில் உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்தான். முதல் பத்து நாள் வீட்டையே இரண்டாக்கினானாம். டிவியில் அவனுக்குப் பிடித்த நிகழ்ச்சி ஓடும்போதுதான் பட்டையை ஒட்டுவாளாம். இப்போது அவனே கேட்டு வாங்குகிறான் என்றாள்.

அங்கே ஒரு டாக்டரம்மாவிடம் நம் குட்டியின் பவரைச் சொன்னேன். வலது பிளஸ் ஒன்றரை, இடது பிளஸ் நாலு. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்தப் பிளஸ் பவர் பிள்ளைகள் இத்தனை நாளும் கண்ணை உள்ளுக்குள் இறுக்கித்தான் பார்த்திருப்பார்கள். கண்ணாடி போட்டதும் அந்த இறுக்கம் உடனே தளராது, சில வாரம் ஆகலாம். அதுவரை கண்ணாடி வழியே பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். "கண்ணாடி போட்டால்தான் தெரியவில்லை" என்று குட்டி சொன்னதாக நீ ஒரு முறை சொன்னாய். பிள்ளை பொய் சொல்லவில்லை. பவரும் தப்பாக இருக்க வேண்டியதில்லை. விடாமல் போட்டால் தெளிந்துவிடும். போட்டுப் போட்டுக் கழற்றினால் ஒவ்வொரு முறையும் முதல் நாள்தான். மாதக்கணக்கில் மங்கல் போகவில்லை என்றால் மறுபடி காட்டுங்கள்.

கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வருகிறதா என்று பார். சிறு பிள்ளைகளுக்கு மூக்குத்தண்டு இன்னும் எழும்பியிருக்காது, ஃபிரேம் நிற்காது. பிள்ளை ஃபிரேமுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கும், நாம் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்போம். கருவிழி கண்ணாடியின் நடுவில் இருக்க வேண்டும். கடையில் கொடுத்தால் காதுப்பக்கம் வளைத்துக் கொடுப்பார்கள். விழுந்தால் எளிதில் உடையாத பாலிகார்பனேட்தானா என்றும் கேள். முந்தானையால் துடைக்காதே, கீறல் விழும். தண்ணீரில் கழுவி மெல்லிய பருத்தித் துணியால் ஒற்று. கழற்றும்போது இரண்டு கையாலும் கழற்றச் சொல்லிக் கொடு. மங்கலான கண் பார்த்துப் பழகட்டும் என்று நல்ல கண்ணை 2 மணி நேரம் மூடச் சொன்னார்களே, அது நடக்கிறதா? அழுவாள். தெரியாத கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பார் என்றால் யாருக்கும் அழுகைதான் வரும். படம் வரையும் நேரமாகப் பார்த்து மூடு. மறந்துவிடாதே, கண் விழித்ததும் கண்ணாடி.

நீ கெட்டிக்காரி. ஒரு கண்ணை வைத்துக்கொண்டே சி.ஏ. முடித்தவள். பெங்களூரு நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டுகிறாய் என்று கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது, பெருமையாகவும் இருந்தது. அப்படிப்பட்டவள் யாரோ "சோடாபுட்டி" என்றதற்காகப் பிள்ளையின் கண்ணாடியைக் கழற்றி வைப்பாய் என்று நான் நினைக்கவில்லை. நினைக்கக் கூடாதுதான். ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று போன் செய்தாயே, "என்னால்தான் வந்ததுப்பா, எனக்கும் பிறவியிலேயே இருக்கிறதல்லவா" என்று. அந்த வார்த்தைக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. ஐந்து மாதமாக அது என்னைத் தூங்கவிடவில்லை.

நீ காபி ஆற்றும்போது நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். டபராவின் விளிம்பை டம்ளரின் விளிம்பில் ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாய். டம்ளர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது உனக்குக் கண்ணால் பிடிபடாது, கையால் தெரிந்துகொள்வாய். அது என்ன பழக்கம் என்று உன் அம்மா எத்தனை முறை திட்டியிருக்கிறாள். எண்ணெய் சிந்தினாய் என்று அடிகூட வாங்கினாய். நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருப்பேன்.

பாப்பா, எனக்குத் தெரியும்.

1994-இல் நீ ஒன்றாம் வகுப்பு. உன் தம்பியைப் பெற்றெடுக்க உன் அம்மா ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தாள், நீயும் நானும்தான் வீட்டில். பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்து, உன் பையில் ஒரு சீட்டு கொடுத்தனுப்பியிருந்தார்கள். இடது கண்ணில் பார்வை குறைவு, கண் மருத்துவரிடம் காட்டவும் என்று இருந்தது. நான் அதை மடித்து, எல்.ஐ.சி. ரசீது வைக்கும் தகரப் பெட்டிக்குள் போட்டேன். சின்ன அத்தைக்கு மூன்று வரன்கள் கண்ணாடியால் தட்டிப்போன வருஷங்கள் அவை. தரகர் பின்னால் அலைந்தவன் நான். பெண் பிள்ளைக்கு இந்த வயதிலேயே கண்ணாடி மாட்டிவிட்டால் என்ன ஆகும் என்ற ஒரே நினைப்பு. பொன்னாங்கண்ணிக் கீரை வாங்கி வந்து தினமும் ஆக்கிக் கொடுத்தேன். நீ ஓடினாய், படித்தாய், நூலில் பூக் கட்டினாய். கண்ணும் நேராக, அழகாகத்தான் இருந்தது. ஒரு கண் தெளிவாக இருந்தால் பிள்ளை அத்தனையும் செய்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. மங்கலான கண் அனுப்புவதை மூளை ஒதுக்கியே பழகிவிடும் என்பதும் தெரியாது. தெரிந்துகொள்ளப் போகவும் இல்லை. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அந்த அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு அதற்குள் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. திருமங்கலத்திலிருந்து ஒரு பஸ் ஏறினால் மதுரை.

1999-இல் உனக்கு மெட்ராஸ் ஐ வந்து வலது கண் ஒட்டிக்கொண்டபோதுதான், காலண்டரில் தேதி தெரியவில்லை என்றாய். அப்போது ஓடினோம். இதற்கு முன்னால் யாரும் சொல்லவில்லையா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். சின்ன வயதிலேயே பார்த்திருந்தால் கண்ணாடியிலும் பட்டையிலும் சரியாகியிருக்கும் என்றார், பதினோரு வயதில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்றார். வாசலில் நின்ற உன் அம்மாவிடம் வந்து, "பிறவிக் கோளாறாம்" என்று சொன்னதும் நான்தான். அன்றைக்கு நான் சொன்னதைத்தான் இன்றுவரை வீட்டில் எல்லோரும் சொல்கிறீர்கள்.

பவர் நம் வழியில் வந்தது. என் அம்மாவுக்கு இருந்தது, சின்ன அத்தைக்கு இருக்கிறது. அதை யாரும் உன் தலையில் போட வேண்டாம், சம்பந்தியம்மாள் கேட்டால் என்னைக் கைகாட்டு. பார்வை போனது என்னால். குட்டிக்கு ஐந்து வயதுதான் ஆகிறது. ஏழெட்டு வயதுக்குள் பழக்கினால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், அதற்குப் பிறகும் ஓரளவு பலன் இருக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். உனக்கு அந்த ஓரளவையாவது தேடிப் போயிருக்கலாம். 1999-க்குப் பிறகு நான் ஒரு டாக்டரிடமும் கேட்கவில்லை.

உன் மரப்பாச்சியை அனுப்புகிறேன். செப்புக் கம்பியை வளைத்து அதற்கு ஒரு கண்ணாடி செய்து மாட்டியிருக்கிறேன், காதுப்பக்கம் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது. காலையில் குட்டி முதலில் அதற்கு மாட்டிவிட்டுப் பிறகு தான் மாட்டிக்கொள்ளட்டும். முறுக்கு தனி டப்பாவில் இருக்கிறது.

அந்தச் சீட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, மெதுவாகப் பிரி. உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து நானே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்வேன். எடுக்கத் தோன்றாவிட்டால் எடுக்க வேண்டாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் செய்வேன்.

அப்பா