டாங்கியும் மாங்காய் லோடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எதிரி ராணுவத்தின் ஆயுதப் புதுமையைக் கணித மாதிரிகளால் அளப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எண்ணிக்கையையும் புதுமையையும் கட்டுரையாளர் ஒரே தராசில் வைத்துவிட்டார். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

எண்ணிக்கை என்றால் சரி, கணக்கு கைகொடுக்கும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஆகஸ்டில் ஜெர்மனி செய்த டாங்கிகள் 1,550 என்றது நேச நாடுகளின் உளவுத்துறை. பிடிபட்ட டாங்கிகளின் கியர்பாக்ஸ் போன்ற பாகங்களில் இருந்த வரிசை எண்களை வைத்துப் புள்ளியியலாளர்கள் போட்ட கணக்கு 327. போருக்கு அப்புறம் ஜெர்மன் பதிவேடுகளைப் புரட்டினால் 342!

இதை நானே செய்து பார்த்திருக்கிறேன். போன ஆனியில் பெங்களூரா மாங்காயை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றுக்குப் போனேன். "இன்னிக்கு இருநூறு லோடு வந்துடுச்சுங்க வாத்தியாரே" என்று சொல்லி, கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துவிட்டார்கள். சாயங்காலம் டீக்கடையில் நின்ற நான்கு டிரைவர்களிடம், லோடு வர வர ஒன்றிலிருந்து வரிசையாகக் கொடுக்கும் டோக்கனின் நம்பரைக் கேட்டேன்: 17, 38, 52, 60. பெரிய எண் 60. பார்த்த டோக்கன் நான்கு என்பதால், அதை நான்கால் வகுத்தால் 15. இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழித்தால் 74. வாட்ச்மேன் நோட்டில் இருந்தது 71. குறைத்த ரூபாய் திரும்பி வரவில்லை, அது வேறு கதை.

ஆனால் அந்த 74, எந்த லோடில் காய் வெம்பியிருக்கிறது என்று சொல்லாது. சோவியத்தின் மிக்-25 விமானத்தில் அமெரிக்கா சறுக்கியதும் இப்படித்தான். அகலமான இறக்கையைப் பார்த்து, லேசான உடம்பு, சட்டென்று வளைந்து திரும்பிச் சண்டை போடும் என்று கணித்தார்கள். 1976 செப்டம்பர் 6 அன்று விக்டர் பெலென்கோ என்ற விமானி அதை ஓட்டிக்கொண்டு ஜப்பானின் ஹகோடேட்டில் வந்து இறங்கினார். பிரித்துப் பார்த்தால் உடம்பில் பெரும்பகுதி நிக்கல் கலந்த எஃகு, ரேடாரில் பழைய வெற்றிடக் குழாய்கள். அந்தக் கனத்தைத் தூக்கத்தான் அவ்வளவு பெரிய இறக்கை. வேகம் என்னவோ நிஜம்தான். கூட்டல் கழித்தலில் தப்பில்லை. உடம்பு எதனால் ஆனது என்று ஊகித்ததில்தான் தப்பு.

கட்டுரையில் 'புதுமைக் குறியீடு' என்று ஒரு கோடு மேலே ஏறுகிறதே, அது எதை எண்ணி வந்தது? காப்புரிமைகளையா, ஆய்வுக் கட்டுரைகளையா, அணிவகுப்பில் காட்டிய ஏவுகணைகளையா? கட்டுரையாளர் அடுத்த இதழில் விளக்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.