அப்பாவின் குரலைத் தேடி

தண்டையார்பேட்டை

அன்பு நண்பா,

நலம்தானே? உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் போனோடு மல்லுக்கட்டியதில் பதில் தள்ளிப்போய்விட்டது.

மீனவர்கள் வேலை செய்துகொண்டே பாடும் அம்பாப் பாடல்கள், வாடைக்காற்றுக்கும் கொண்டல்காற்றுக்கும் படகில் பாய் விரித்த கதைகள் என்று அப்பா அதில் நிறையப் பேசிப் பதிந்து வைத்திருந்தார். சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கேபிளில் இணைத்தால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்வதில்லை. காசிமேட்டு உப்புக்காற்று துளைக்குள் இருந்த ஊசிகளை அரித்துவிட்டதாம். போனைப் பிரிக்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வைஃபை வழியாக எடுக்கலாம் என்று, போனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் செயலியில் எஸ்எஸ்எச் சர்வரை (வேறொரு கம்ப்யூட்டர் பாதுகாப்பாக உள்ளே வந்து கோப்புகளை எடுக்க வழிவிடும் நிரல்) ஓடவிட்டேன். 1024க்குக் கீழுள்ள போர்ட்டுகளை, அதாவது இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசல்களை, ஆண்ட்ராய்டு சாதாரணச் செயலிகளுக்குத் தராது. அதனால் எஸ்எஸ்எச்சின் வழக்கமான 22 இல்லை, 8022.

கம்ப்யூட்டரிலிருந்து இணைக்கப் பார்த்தேன். இரண்டு நாள் மாலையும் ஒரே செய்தி: 'டைம்ட் அவுட்'. கடவுச்சொல்லை மாற்றினேன், செயலியை மீண்டும் நிறுவினேன். எல்லாம் வீண். அந்தச் செய்தியை நான் சரியாகப் படிக்கவே இல்லை. நாம் அனுப்பியதற்கு எந்தப் பதிலும் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். கடவுச்சொல் கேட்கும் கட்டத்துக்கே நான் போகவில்லை. பார்த்தால், போன் விருந்தினர் வைஃபையில் இருந்தது. அதில் இணைந்த கருவிகள் வீட்டுக் கம்ப்யூட்டரோடு பேச முடியாதபடி ரவுட்டர் பிரித்து வைத்திருந்தது. போனை வீட்டு வைஃபைக்கு மாற்றியதும் 'ரெஃப்யூஸ்டு' (மறுக்கப்பட்டது) என்று வந்தது. எவ்வளவு மகிழ்ந்தேன் தெரியுமா! போன் பதில் சொல்லிவிட்டது, சர்வர்தான் ஓடவில்லை. திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு டெர்மக்ஸை நிறுத்தியிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன், உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் மறுபடியும் மௌனம். 192.168.1.7 என்றிருந்த போனின் வைஃபை முகவரி இரவோடு இரவாக 192.168.1.12 ஆகியிருந்தது. ரவுட்டரில் நிலையான முகவரி ஒதுக்கினேன். நீ செய்தால் ஒன்றைக் கவனி: ஆண்ட்ராய்டு 10 முதல் போன் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறொரு மேக் முகவரியைக் (ரவுட்டர் கருவியை அடையாளம் காணும் எண்ணைக்) காட்டும். பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கொடுத்தால் பலிக்காது. அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் இருப்பதைக் கொடு.

ஓசூரிலிருந்தே நேராகக் கேட்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியாது. எங்கள் ரவுட்டருக்கு வெளியிலிருந்து கிடைத்திருப்பது 100.72 என்று தொடங்கும் முகவரி. 100.64 முதல் 100.127 வரை உள்ளவை, இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்வதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. ரவுட்டரில் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வருபவை வீடு வரை வந்து சேராது. முடிந்திருந்தாலும் அப்பாவின் போனை ஊருக்கே திறந்துவைக்க எனக்குச் சம்மதமில்லை. எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு அனுப்புகிறேன்.

போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது பதிந்ததும் அதில் இருக்கிறது. வலை இழுக்கும் பாட்டின் மூன்றாம் அடியில் ஒரு சொல் எனக்குப் பிடிபடவே இல்லை. அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நீ, கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்