நீ காட்டிய ஐந்து ஏக்கர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஊர் வந்து சேர்ந்து பத்து நாளாகிறது. நினைப்பெல்லாம் இன்னும் கொலராடோவில், கோஸ்டியா கவுன்டியில் நீ காட்டிய அந்த ஐந்து ஏக்கரிலேயே இருக்கிறது. "எப்படி இருக்கிறது அப்பா?" என்று கேட்டாய். மாப்பிள்ளை அத்தனை ஆசையாக நின்றபோது எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த நிலம் வேண்டாம் அம்மா.

ஒரு பிடி மண்ணை அள்ளி, பாட்டில் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். உருண்டை பிடிக்காமல் விரலிடுக்கில் உதிர்ந்தது. எருப் போட்டு மண்ணைத் தேற்றிவிடலாம். தண்ணீருக்கு எங்கே போவாய்? அந்த நிலம் இருக்கும் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏழெட்டு அங்குலம்தான் மழை, 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். வானம் பார்த்த சீமை என்று பேரெடுத்த நம் ராமநாதபுரத்திலேயே சராசரி 800 பெய்கிறது.

போர் போட்டுக்கொள்ளலாம் என்றார் மாப்பிள்ளை. அங்கே 35 ஏக்கருக்குக் குறைந்த மனைக்குப் பெரும்பாலும் வீட்டுக்குள் புழங்க மட்டுமே அனுமதி கிடைக்கும். செடிக்கு ஊற்றக்கூடாது, ஆட்டுக்கும் காட்டக்கூடாது. கூரைத் தண்ணீரைத் தோட்டத்துக்குப் பிடிக்கவும் 2016 சட்டப்படி இரண்டே பீப்பாய், மொத்தம் 110 கேலன். கத்தரிப் பாத்திக்கு எத்தனை நாள் காணும்?

பக்கத்து மனைக்காரர் வண்டியில் டேங்க் ஏற்றித் தண்ணீர் கொண்டுவந்தாரே, கவனித்தாயா? குழாய் மூட்டில் சொட்டியதையும் விடாமல் அவர் மனைவி வாளி வைத்துப் பிடித்தார். அந்த இடத்தில் உன்னை வைத்துப் பார்த்தேன். அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்து எழுந்தால் வெளியே வாளித் தண்ணீரில் பனி ஏடு கட்டியிருந்தது. மே மாதக் கடைசியில்! 7,500 அடிக்கு மேலான இடம் அது. உருளைக்கிழங்கும் பார்லியும் நன்றாக விளையும். தக்காளிக்குக் கூடாரம் இல்லாமல் முடியாது.

மண்ணோடு வாழ நினைக்கிறாயே, அதில் எனக்கு எவ்வளவு நிறைவு என்று உனக்குத் தெரியாது. அதனால்தான் சான் லூயிஸ் ஊர்ப்பக்கம் பார் என்கிறேன். அங்கே ஓடும் மக்கள் வாய்க்கால் 1852-இல் வெட்டியது. கொலராடோவிலேயே மூத்த நீர் உரிமை அதற்குத்தான். வறட்சியில் மூத்த உரிமைக்குப் போக மிஞ்சியதுதான் இளையவருக்கு. நம் கண்மாய்க்குத் தண்ணீர் பாய்ச்சும் ஆள், நீர்க்கட்டி, இருப்பதுபோல, அங்கே முறை வைத்துப் பாய்ச்ச மயோர்தோமோ என்று ஒருவர். கரையில் நின்றபோது நம்மூர் மடையில் நிற்பதுபோலவே இருந்தது.

அந்தப் பாசனத்தில் ஒரு ஏக்கர் கிடைத்தாலும் போதும். ஆனால் அங்கே நிலத்தையும் தண்ணீரையும் தனித்தனியாக விற்கிறார்கள். பத்திரத்தில் நீர் உரிமை எழுதியிருக்கிறதா என்று வக்கீலை வைத்துப் பார். முன்பணம் கொடுப்பதற்குமுன் ஒரு ஜனவரி முழுக்க அந்த ஊரில் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

இதை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. பத்திர நகல் கிடைத்ததும் அனுப்பு, நானும் ஒருமுறை பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா