பருப்புக்கும் அடுப்புக்கும் வழி செய்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கூவம் கரைக் குடிசைகளில் மாதக் கடைசியில் தட்டுப்பாடாவது பெரும்பாலும் அரிசி அல்ல. அரிசி கார்டு இருந்தால் அது ரேஷனில் விலையில்லாமல் வந்துவிடும். துவரம் பருப்புதான் கார்டுக்கு 1 கிலோ, 30 ரூபாய். பாமாயில் 1 லிட்டர், 25 ரூபாய். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அந்தப் பருப்பு பத்து நாள் தாண்டாது.

எங்கள் சமையலறைக்கு அரிசி மூட்டையோடு வரவிருந்த நீங்கள், கேட்டதும் அதையே பருப்பாக மாற்றித் தந்தீர்கள். நூறு பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் 10 கிலோ அரிசிக்கு 3 கிலோ பருப்பு, முக்கால் கிலோ புளி. பருப்பில் ஒரு கிலோ குறைத்தால் அண்டா நிறையத்தான் செய்யும். பிள்ளைகள் மூன்று மணிக்கே மறுபடி பசி என்று வந்து நிற்கும்.

பாத்திரம் தேய்த்தும் மீன் கழுவியும் ரேகை மழுங்கிய அக்காக்களுக்கு ரேஷன் கடைக் கைரேகைக் கருவியில் பில் விழாது. அவர்களைத் திருப்பி அனுப்பாமல், கையைத் துடைத்து வேறு விரல் வைக்கச் சொல்லி, அதுவும் எடுக்காதபோது கருவிழியைக் காட்டவைத்துப் பொருள் கொடுத்த ரேஷன் கடை விற்பனையாளருக்கு நன்றி. ஒடிசா, பீகார் கார்டுக்கு இங்கே தானியம் மட்டும்தான், பருப்பு, எண்ணெய் கிடையாது. அந்தக் குடும்பங்களுக்கு நூறு கிராம் பொட்டலமாகக் கடன் கொடுத்தவர் மளிகைக் கடை அண்ணாச்சி. அந்தக் கணக்கை அடைத்தவர் பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை.

முகவரிச் சான்று இல்லாத வீடுகளுக்கு, அடையாள அட்டையை மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம் என்று கூடவே போய் வாங்கிக்கொடுத்தவர்களுக்கும் நன்றி. கடைகளில் கிலோக்கணக்கில் திருட்டுத்தனமாக நிரப்பும் கேஸ் குடிசைக்குள் எவ்வளவு ஆபத்து என்பது தெரிந்ததே.

ரேஷன் அரிசியில் மிதப்பதை ‘பிளாஸ்டிக்’ என்று பொறுக்கி எறிந்தவர்களிடம், அது அரிசி மாவோடு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்து அரிசி வடிவில் செய்தது, 100 கிலோவுக்கு 1 கிலோ கலப்பது என்று பொறுமையாக விளக்கிய செவிலியருக்குத் தனி நன்றி.

மண்டபத்துச் சமையல்காரர் மீந்ததைக் கலக்காமல், சோறு வேறு ரசம் வேறாகச் சூடு ஆறுமுன் அனுப்பினார். தேங்காய் அரைத்த கூட்டை மட்டும் இனியும் அனுப்ப வேண்டாம். வந்து சேருவதற்குள் ஊசிவிடுகிறது.

இப்படிக்கு,
கரையோரச் சமையலறைக் குழு