சோனிக் பூமை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

வீடியோ கேம்களிலிருந்து வந்த தொடர்கள் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில், சோனிக் என்ற நீல முள்ளெலி நாயகனின் கார்ட்டூன் தொடரான 'சோனிக் பூம்' பெயரே இல்லை. சரி, அதே பெயரில் 2014-இல் நின்டெண்டோவின் வீ யூ கேம் கருவிக்கு வந்த 'ரைஸ் ஆஃப் லிரிக்' கேம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல, அந்தக் கோபத்தில் பலர் தொடரையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் பிரான்ஸும் அமெரிக்காவும் சேர்ந்து எடுத்த அந்த 104 எபிசோடுகளும், ஒவ்வொன்றும் பதினொரு நிமிடம்தான், சிரிப்புக்குக் குறைவே இல்லை.

எனக்குப் பிடித்தது வில்லன் எக்மேன். உலகத்தையே வளைக்கப் பார்க்கிற ஆள், பெரிய மீசையைத் தடவிக்கொண்டு, சோனிக் கூட்டம் சாப்பிடுகிற அதே பர்கர் கடைக்கு வந்து நிற்பார். எதிரி என்பதைவிடத் தொல்லை பிடித்த பக்கத்து வீட்டுக்காரர் என்றே சொல்லலாம். அப்புறம் சோனிக்கின் நண்பன் நக்கிள்ஸ். உடம்பு மலை, மூளை மட்டும் விடுமுறையில், ஆனால் திடீரென்று ஆண்-பெண் சமத்துவம் பற்றி ஆழமான ஒரு கருத்தைச் சொல்லிவிட்டுப் போவார் பாருங்கள்! என்றாலும், பழைய கேம்களில் இருந்த நக்கிள்ஸை இப்படித் தடியனாக்கியதைப் பழைய ரசிகனான நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த பட்டியலிலாவது சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்