வன்னியின் வாசிகசாலைகளுக்குச் செய்மதி இணையம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் வயற்காவலுக்குப் போய் வந்த சிலர் எங்கள் ஊர் சனசமூக நிலையத்துக்கு ஒரு கேள்வியோடு வந்தார்கள். விடியப்புறம் நான்கரை மணியளவில், ஒரே கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஒளிப்புள்ளிகள் சத்தமில்லாமல் வானத்தைக் கடந்து போனதைக் கண்டதாகவும், யானைக்காக மூட்டியிருந்த நெருப்பையும் அணைத்துவிட்டுக் கொட்டிலுக்குள் பதுங்கிக்கொண்டதாகவும் அவர்களில் மூத்தவர் சொன்னார். வானத்தில் எதுவும் நகர்ந்தால் முதலில் பதுங்கப் பழகிய தலைமுறை அது. வாசிகசாலையில் இருந்த உயர்தர மாணவி ஒருத்தி, "பயப்படாதேங்கோ அம்மான், அது இணையத்துக்கு விட்ட செய்மதிகள்" என்று தொடங்கி, ஒரே ரொக்கெட்டில் ஏற்றிச் செல்லப்பட்ட செய்மதிகள் தமக்குரிய உயரத்தை அடையும் வரை சில நாட்களுக்கு இப்படி வரிசையாகவே தெரியும் என்பதை ஓர் ஒற்றையில் படம் வரைந்து விளக்கினாள்.

துணுக்காய்ப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் ஞாயிறு மாலைகளில் பதினைந்து பேர் வரையில் கூடுகிறார்கள். தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் மாணவர்கள், ட்ரக்டர் திருத்துபவர் ஒருவர், விடுமுறைக்கு வீடு வரும்போது அறிவியல் நகர் பொறியியற் பீட மாணவன் ஒருவன் என்று அந்தக் கூட்டம் அமையும். அவர்கள் பேசுவதைக் கேட்டால் எங்கள் பிள்ளைகள் எதில் பின்தங்கியவர்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. 2023 ஓகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 நிலவின் தென்துருவத்தை அண்டி இறங்கியதையும், 2024 ஒக்ரோபர் 13 அன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ரொக்கெட்டின் கீழ்ப்பகுதி ஏவுகோபுரத்துக்கே திரும்பி வந்து இரும்புக் கைகளால் பிடிக்கப்பட்டதையும் அவர்கள் வாரக்கணக்கில் அலசினார்கள். 2025 ஒக்ரோபர் 20 அன்று அமெரிக்காவின் வேர்ஜினியாவில் உள்ள அமேசான் கணினி நிலையங்களில், தானாக இயங்கும் இரு மென்பொருட் செயல்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டதில் ஒரு தரவுத்தளத்தின் முகவரிப் பதிவு வெறுமையாகி, உலகெங்கும் பல செயலிகள் நின்றுபோன கதையை, தண்ணீர் முறைக்கு இருவர் ஒரே நேரத்தில் துருசு திறந்து மூடினால் வாய்க்கால் என்னவாகும் என்ற உவமையோடு ட்ரக்டர் திருத்துபவர்தான் மற்றவர்களுக்கு விளங்க வைத்தார்.

இவற்றையெல்லாம் அவர்கள் எப்படி அறிகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. குளக்கட்டின் கிழக்கு முனையில் நின்றால் கைத்தொலைபேசிக்கு ஓரளவு கிடைக்கும். அங்கே நின்று ஒருவர் தரவிறக்கிக் கொண்டுவருவதை மற்றவர்கள் வாசிகசாலையில் இருந்து பார்க்கிறார்கள். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மின்சாரம் நின்றது. பிறகு தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் இறங்கியது. அதன்பின் உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிவதற்குக்கூட வழியின்றி இருந்தோம்.

கோபுரமும் ஃபைபர் கம்பி இணையமும் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கோபுரத்தைக் கட்டி, அதற்கு மின்சாரம் கொடுத்து, பின்னால் கம்பியும் இழுப்பதற்கு ஆகும் செலவை அதன் எல்லைக்குள் இருக்கும் வாடிக்கையாளர்கள்தான் ஈடுசெய்ய வேண்டும். ஏ9 வீதியோரம் அது கட்டுப்படியாகும். காடும் குளமும் வயலுமாக, பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு குடியிருப்பு என்று கிடக்கும் எங்கள் பக்கத்தில் கட்டுப்படியாகாது. செய்மதி இணையத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஒரு நிலப்பரப்புக்கு ஒதுக்கப்படும் கொள்ளளவை அங்குள்ள பாவனையாளர்கள் பகிர்ந்துகொள்வதால், நெரிசலான நகரத்தில் ஆளுக்குக் கிடைப்பது குறையும். ஆட்கள் அருகிய இடத்தில் கூடும். வன்னியின் குறையாக இதுவரை சொல்லப்பட்டதே இங்கே வசதியாகிறது என்பதைக் கொள்கை வகுப்போர் கவனிக்க வேண்டும்.

செய்மதி என்றதும் பழைய அனுபவத்தை வைத்து 'மெதுவானது' என்று தள்ளிவிடுபவர்கள் உள்ளனர். பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செய்மதிகளால் உலகத்தைத் தொடர்புபடுத்தலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், பின்னர் இந்தத் தீவிலேயே வாழ்ந்து 2008இல் இங்கேயே மறைந்தார். அவ்வகைச் செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பதால், கேள்வி மேலே போய்க் கீழே வந்து, விடையும் அவ்வாறே திரும்புவதற்கு ஒளியின் வேகத்திலேயே ஏறத்தாழ அரைச் செக்கன் பிடிக்கும். இணையத்துக்காக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஏவிவரும் ஸ்டார்லிங்க் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் பறப்பதால் அந்தத் தாமதம் அதில் பத்திலொரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நேரடி வகுப்பில் கேள்வி கேட்டு உடனே பதில் பெற இது போதும். அவ்வளவு தாழ்வாகப் பறக்கும் செய்மதி சில நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும் என்பதால் ஆயிரக்கணக்கில் அவை வேண்டும். சிக்னலை வாங்க நம் கூரையில் பொருத்தும் தட்டு, அசையாமலே, மின்னணு முறையில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவ வேண்டும். அத்தனை ஆயிரத்தை ஏவுவது, 2015 டிசெம்பரில் முதன்முதலாகப் பத்திரமாகத் தரையிறங்கிய பல்கன் 9 ரொக்கெட்டின் கீழ்ப்பகுதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்ததால்தான் கைகூடியது. அவற்றுள் ஒன்று முப்பது தடவைக்கு மேல் பறந்துவிட்டது. ஞாயிறு மாலைகளில் எங்கள் பிள்ளைகள் ரொக்கெட்டைப் பற்றிப் பேசுவது வீண்பொழுது என்று எண்ணும் பெற்றோருக்கு இதைத்தான் சொல்கிறேன்: அந்த ரொக்கெட் திரும்பி இறங்கியதற்கும் நம் ஊருக்கு இணையம் வரக்கூடியதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

இலங்கையில் 2024இல் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டு, அவ்வாண்டு ஓகஸ்ட்டில் ஸ்டார்லிங்குக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. 2025 யூலையில் சேவை தொடங்கியது. ஆனால் தொடக்கத்தில் இருந்ததுபோல் கருவிக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேலும், மாதந்தோறும் பத்தாயிரம் ரூபாவுக்கு மேலும் கொடுக்க வேண்டியிருந்தால், நெல்லும் கச்சானும் நம்பியிருக்கும் குடும்பம் அதை நினைத்தும் பார்க்க முடியாது. நிறுவனங்களுக்கான திட்டமோ இன்னும் கூடிய விலை. ஆகவேதான் வீடு வீடாக அல்லாமல், பிரதேச சபைகளின் நூலகங்களிலும் சனசமூக நிலையங்களிலும் ஊருக்கொன்றாக இதை அமைக்க வேண்டும் என்று கேட்கிறேன். நாற்பது குடும்பங்கள் பகிர்ந்தால் மாதக் கட்டணம் ஒரு குடும்பத்துக்குச் சில நூறு ரூபாவில் நிற்கும்.

ஒரு வெளிநாட்டு நிறுவனத்தை மட்டும் நம்பலாமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. 2025 யூலை 24 அன்று ஸ்டார்லிங்க் வலையமைப்பே உள்மென்பொருட் கோளாறினால் உலகம் முழுவதும் ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் நின்றது. எனவே தட்டோடு ஒரு சேமிப்புக் கணினியும் இருக்க வேண்டும் என்பது எங்கள் இளைஞர்களின் யோசனை. எனக்கு முதலில் அது தோன்றவில்லை. ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கணினி ஒன்றில், இணையம் இல்லாமலே தளங்களைப் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளை நிறுவி, தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும், மாணவர்களுக்கு வேண்டிய பாடநூல்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் இறக்கி வைத்துவிட்டால், இணையம் அறுந்த நாளிலும் வாசிகசாலைக்குள் இருப்பவர்கள் தங்கள் கைத்தொலைபேசியிலேயே அவற்றைப் படிக்கலாம்.

மின்சாரம் பெரிய தடையல்ல. தட்டு சாதாரணமாக நூறு வாற்றுக்குள் இயங்கும். மாலையில் ஐந்து மணிநேரம் என்றால் அரை அலகு. சிறிய சோலார் பனலும் நல்ல பற்றரியும் இருந்தால் புயல் நாளிலும் ஊருக்கு ஒரு தொடர்பு எஞ்சும்.

புலம்பெயர்ந்த எங்கள் உறவுகள் பாடசாலைகளுக்குத் தாராளமாக உதவுகிறார்கள். ஆனால் திறப்பு விழாவுக்குப் பின் பூட்டிய அறையில் தூசு படிந்து கிடக்கும் கருவிகளை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். பொருளை வாங்கித் தருவதோடு நின்றுவிடாமல், மூன்று வருடத்துக்கான மாதக் கட்டணத்தையும், மாலையில் வாசிகசாலையைத் திறந்து வைத்திருக்கும் ஒருவருக்கான சிறு கொடுப்பனவையும் சேர்த்துப் பொறுப்பேற்குமாறு பழைய மாணவர் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன். திறந்திருக்கும் நேரத்தைப் பிரதேச சபை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.

எங்கள் ஊரில் இடம் பார்த்தாயிற்று. வானம் எவ்வளவு மறைகிறது என்று கைத்தொலைபேசிச் செயலியால் இளைஞர்கள் அளந்தபோது, முன்கூரையை ஒரு பாலை மரம் மறைப்பது தெரிந்தது. அதை வெட்ட ஒருவரும் சம்மதிக்கவில்லை, எனக்கும் மனமில்லை. கிணற்றடிப் பக்கத்து மூலையில் பன்னிரண்டு அடிக் குழாய் நட்டால் மறைப்பே இல்லை. அளவுகளோடு வரைந்த படத்தையும் செலவுக் கணக்கையும் சபைக்குக் கையளித்திருக்கிறோம். பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

இவ்வண்ணம்,
தொழில்நுட்பப் பாட ஆசிரியர் ஒருவர்,
துணுக்காய்.